பாராசூட் கயிறும் பூவத்துக் கத்தியும்

கத்திப் பிடிக்குக் கயிறு சுற்ற வேண்டும் என்றால் எங்கள் பூவத்தில் இப்போது என்னிடம்தான் வருகிறார்கள். அந்தப் பெயர் சும்மா வரவில்லை. இடது உள்ளங்கையில் குறுக்காக ஓடும் தழும்பைக் காட்டிவிட்டுத்தான் நான் கயிற்றையே கையில் எடுப்பேன். இணையத்தில் படம் பார்த்துக் கற்றவர்களும் பட்டாளத்தில் கற்றவர்களும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் பேசுவது உப்புத் தண்ணீரில் வேலை செய்கிற கத்தியைப் பற்றி. அலமாரியில் மாட்டி வைக்கிற கத்தி என்றால் உங்கள் இஷ்டம், ரிப்பன் கூடச் சுற்றிக்கொள்ளலாம்.

காரைக்கால் துறைமுகத்திலிருந்து விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன் நான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகு கரையில் நிற்கும், நாங்கள் வலை பொத்துவோம், பெயின்ட் அடிப்போம், கத்தி தீட்டுவோம். கயிறு சுற்றுகிற யோசனை எல்லாம் அந்த நேரத்தில்தான் வரும். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

எங்கள் அப்பாவின் கத்தி ஒன்று இருந்தது. லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டிக் கொல்லர் பட்டறையில் அடித்தது. ஒரு சாண்கூட இருக்காது. பூவரசம் பிடி, வாயில் இரும்புப் பூண். கத்தியின் வால் பழுக்கக் காய்ந்திருக்கும்போதே அரக்கு நிரப்பிய துளைக்குள் இறக்கிப் பிடி போட்டிருந்தார்கள். கயிறு அறுக்க, மடியில் சிக்கிய வலையைக் கிழிக்க, சில சமயம் வெற்றிலைக் காம்பு கிள்ளவும் அதுதான். பல வருடம் உப்புத் தண்ணீரில் கிடந்து பூவரசம் பிடியில் வெடிப்பு விழுந்தது. ஆனால் அசையவில்லை. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

அக்காவின் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். 1962-ல் பிரான்சு புதுச்சேரி, காரைக்கால் ஊர்களை முறைப்படி இந்தியாவிடம் ஒப்படைத்தபோது அந்த நாட்டுக் குடியுரிமையைக் கேட்டு எடுத்துக்கொண்ட குடும்பங்கள் காரைக்காலில் உண்டு. அத்தான் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை. ஊரில் 'சொல்தா வீடு', அதாவது பட்டாளத்துக்காரர் வீடு, என்றால் போதும், ஆட்டோக்காரர் கொண்டுபோய் விட்டுவிடுவார். ஒரு தடைக்காலத்தில் விடுமுறைக்கு வந்தவர் கறுப்புக் கயிறு ஒரு ரோல் கொண்டுவந்தார். அசல் பாராசூட் கயிறு. அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

கயிற்றைப் பற்றி இரண்டு வார்த்தை. நைலானை 1935-ல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் வாலஸ் கரோதர்ஸ் என்பவர் கண்டுபிடித்தார். இரண்டாம் உலகப் போரில் அது பாராசூட்டுக்குப் போனது. குடைத் துணியிலிருந்து குதிக்கிற ஆள்வரை வருகிற கயிறுதான் இது. மேலே பின்னிய உறை, உள்ளே ஏழு முறுக்கு நூல்கள். தடிமன் நான்கு மில்லிமீட்டர் சொச்சம். 550 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 250 கிலோ தாங்கும் என்பதால் 550 என்றே அதற்குப் பெயர். கடையில் அதே பெயரில் விற்பதெல்லாம் அதுவல்ல. ஒரு துண்டு வெட்டி, வாளித் தண்ணீருக்குள் காற்றுக்குமிழி போகப் பிழிந்துவிட்டுக் கையை எடுங்கள். மிதந்தால் அது பாலிபுரோப்பிலின், பொட்டலம் கட்டத்தான் ஆகும். நைலான் மூழ்கும். பாலியெஸ்டரும் மூழ்கும். ஆனால் பாலியெஸ்டர் கிடைத்தால் வருத்தப்படாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

அத்தான் அப்பாவின் கத்தியைப் பார்த்தார். "என்ன மாப்ள, இந்த மரக்கட்டையை வச்சுக்கிட்டு? பிடியைக் கழட்டிட்டு வெறும் இரும்பு மேலயே சுத்து. எங்க ஆளுங்க எல்லாரும் அப்படித்தான். காட்டுல மாட்டிக்கிட்டா பிரிச்சுக் கயிறா எடுத்துக்கலாம்" என்றார். 1997-ல் ஹப்பிள் தொலைநோக்கியைப் பழுது பார்க்க விண்வெளிக்குப் போனவர்கள்கூட இந்தக் கயிற்றைத்தான் பயன்படுத்தினார்கள் என்று ஒரு தகவலையும் சேர்த்தார். அது உண்மைதானாம், நானும் பிறகு படித்தேன். விண்வெளியில் உப்புக் காற்று கிடையாது என்பது அப்போது என் நாக்கில் வரவில்லை.

அரக்கை நெருப்பில் காட்டி இளக்கிப் பிடியைக் கழற்றினோம். அடுத்து அவர் சொன்னதுதான் குடியைக் கெடுத்தது. "கயித்தை நல்லா தண்ணியில ஊற வச்சு ஈரத்தோட சுத்து. காய்ஞ்சா இறுகிக்கும், கல்லு மாதிரி ஆயிடும்."

ஆனது. மறுநாள் காலையில் பிடி கல்லாகத்தான் இருந்தது. கறுப்பாக, வரிசை வரிசையாகப் படிந்து, கடையில் வாங்கியது போல. தெருவில் இருந்த எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். நானும் காட்டினேன், மறைக்க என்ன இருக்கிறது? அத்தான் பிளேன் ஏறிப் போய்விட்டார்.

உள்ளே நடந்ததைச் சொல்கிறேன். இந்தக் கட்டுரையில் வேறு எதைத் தவறவிட்டாலும் பரவாயில்லை, இதை விடாதீர்கள். நைலான் தண்ணீர் குடிக்கிற சரக்கு. தன் எடையில் எட்டு, ஒன்பது சதவீதம் வரைக்கும் தண்ணீரை இழைக்குள்ளேயே வாங்கிவைத்துக்கொள்ளும். ஈரத்தில் கொஞ்சம் நீளும், காய்ந்தால் சுருங்கும். ஈரமாகச் சுற்றியது காய்ந்ததும் இறுகியது என்றால், மறுபடி நனைந்ததும் தளரும் என்றுதானே அர்த்தம்? பட்டாளத்துக்காரர் கத்தி எப்போதாவது மழையில் நனையும். எங்கள் கத்தி எப்போதாவதுதான் காயும். வலை இழுக்கும் நேரத்தில் மீன் வழவழப்பும் கடல் தண்ணீரும் சேர்ந்து, அந்தக் கல் பிடி கையில் திருகத் தொடங்கியது. அதைச் சமாளித்துவிட்டேன், பிடியை இறுக்கிப் பிடிக்கப் பழகிக்கொண்டேன்.

கண்ணுக்குத் தெரியாதது துரு. ஸ்பிரிங் பட்டை இரும்பு துருப்பிடிக்கும், அது யாருக்கும் தெரியும். ஆனால் வெளியே தெரிகிற அலகை நாம் துடைக்கிறோம், தேங்காயெண்ணெய் தடவுகிறோம், தீட்டுகிறோம். கயிற்றுக்கு அடியில் இருக்கிற வாலை யார் துடைப்பது? ஒவ்வொரு தடவை நனையும்போதும் உப்பு உள்ளே போகும், தண்ணீர் மட்டும் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். கரையில் வைத்தாலும் அந்த உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். நம் கடற்கரைக் காற்றுக்குச் சொல்லவா வேண்டும், ஜன்னல் கம்பியே கரைகிறது. காற்று சரியாகப் புகாத இடுக்கில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் இரும்பு மேலெல்லாம் சீராகத் துருப்பிடிக்காது. குழி குழியாக, ஆழமாகத் தின்னும். அலகு பளபளவென்று இருக்கும், பிடி கறுப்பாக அழகாக இருக்கும், நடுவில் வால் மட்டும் இற்றுக்கொண்டே போகும்.

கத்தி முறிந்த அன்று துறைமுகத்தில் ஒரு தடித்த கயிற்றை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் அறுத்துக்கொண்டிருந்தேன். அழுத்தியதும் அலகு பிடியிலிருந்து துண்டாகி நேரே உள்ளங்கையில் இறங்கியது. தையலும் டெட்டனஸ் ஊசியும் போட்டு அனுப்பினார்கள். கை ஆறிவிட்டது. கத்தி போய்விட்டது. கயிற்றைப் பிரித்துப் பார்த்தபோது வாலில் பாதிக்கு மேல் இரும்பே இல்லை, செம்பழுப்பு மாவுதான் கொட்டியது. அரக்குக்குள் அத்தனை வருடம் இருந்தபோது அந்த வாலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அரக்கு என்பது பிடியை ஒட்டுவதற்கு மட்டும் இல்லை, தண்ணீரைத் தடுக்கவும்தான். கொல்லர் அதை விளக்கிச் சொல்லவில்லை, செய்துவிட்டுப் போனார்.

சுற்றிய கை என்னுடையது, அதனால் தப்பும் என்னுடையது என்று என் வீட்டில் சொல்கிறார்கள். பட்டாளத்துக்காரர் பேச்சை எதிர்த்துப் பேச அன்றைக்கு அந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

சரி, எப்படிச் செய்ய வேண்டும்? இப்போது நான் செய்வது இது. ஊரில் பல பேரிடம் இருப்பதுபோல் என்னிடமும் மெஷின் ஆக்ஸா பிளேடில் செய்த கத்தி இருக்கிறது. வாலை உப்புத்தாளால் வெள்ளை வரும்வரை தேய்த்து, பெட்ரோல் நனைத்த துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, இரண்டு பொருளைக் கலந்து பூசுகிற எப்பாக்ஸி பசை, அரால்டைட் போன்றது, முழுக்கப் பூசி ஒரு நாள் காயவிடுவேன். இருபக்கமும் மெல்லிய மரச்சில்லு வைத்து அதே பசையால் ஒட்டுவேன். பூவரசு கிடைத்தால் பூவரசுதான், கடலோர மரம், உப்புக்குப் பழகியது. கயிறு இதற்கு மேல்தான். இரும்பைக் கயிறு தொடவே கூடாது. என் பாடம் முழுவதும் அவ்வளவுதான். மற்றதெல்லாம் கைவேலை.

கயிறு எவ்வளவு வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பிடி பத்து சென்டிமீட்டர், கயிறு நான்கு மில்லிமீட்டர் என்றால் இருபத்தைந்து சுற்று. பிடியின் சுற்றளவு எட்டு சென்டிமீட்டர் என்றால், கயிற்றின் தடிமனையும் சேர்த்து ஒரு சுற்றுக்கு ஒன்பதுக்கு மேல் போகும். ஆக இரண்டேகால் மீட்டருக்கு மேல் சுற்றுக்கே போய்விடும், இழுத்துப் பிடிக்க நுனி வேண்டாமா, மூன்று மீட்டர் வெட்டுங்கள். குறுக்குமறுக்காகப் பின்னுகிற சுற்று என்றால் இன்னும் வேண்டும். பின்னலுக்கு நான் போவதில்லை. ஜப்பான் வாள்களில் பட்டு நாடாவை அப்படிக் குறுக்காகச் சுற்றுவார்கள், நடுவில் சாய்சதுரம் தெரியும், அழகுதான். ஆனால் அவர்கள் நாடாவுக்கு அடியில் திருக்கைத் தோல் ஒட்டுகிறார்கள். அந்தத் தோலில் இருக்கிற மணி மணியான சொரசொரப்புதான் நாடாவை நகரவிடாமல் பிடிக்கிறது. திருக்கை நம் வலையில் ஏறாத நாள் உண்டா? அதன் தோலை உரித்துத் தூர எறிகிறோம். ஒரு தடவை பதப்படுத்திப் பார்க்க ஆசை, வீட்டில் நாற்றம் என்று விடவில்லை.

சுற்றும் முறை கயிற்று நுனி பிரியாமல் நூல் கட்டுகிற அதே முறை, உங்களுக்குத் தெரிந்ததுதான். நுனியை வளையமாக மடித்துப் பிடியோடு நீளவாக்கில் படுக்கவையுங்கள், வளையம் அடிப்பக்கம் பார்க்கட்டும். அலகுப் பக்கத்திலிருந்து அதன் மேலேயே நெருக்கமாகச் சுற்றிக்கொண்டு வாருங்கள். கடைசிச் சுற்று முடிந்ததும் மீந்த நுனியை வளையத்துக்குள் நுழைத்து, அலகுப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற முதல் நுனியை இழுத்தால் வளையம் இந்த நுனியையும் கவ்விக்கொண்டு சுற்றுக்கு அடியில் போய்விடும். நுனிகளை வெட்டிவிடலாம். முடிச்சு வேண்டாம். பிடியில் முடிச்சு இருந்தால் உள்ளங்கை கொப்பளிக்கும். வெட்டிய நுனியை லைட்டரில் உருக்கும்போது விரலால் தடவாதீர்கள், உருகிய நைலான் தோலோடு ஒட்டிக்கொண்டு வரும்.

காய்ந்த கயிற்றைத்தான் சுற்ற வேண்டும். புதுக் கயிறு முதல் தடவை நனைந்து காயும்போது சுருங்கும், அதனால் முதல் நாளே வெந்நீரில் போட்டு எடுத்து நிழலில் முழுக்கக் காயவைத்துவிடுங்கள். அதன் பிறகு இறுக்கம் உங்கள் கைபலத்தில் வர வேண்டும், தண்ணீரிடம் கடன் வாங்கக் கூடாது. நான் ரோலைக் கால் கட்டைவிரலில் மாட்டிக் கத்தியைச் சுழற்றுகிறேன். அலகில் பழைய துணி சுற்றி டேப் ஒட்டிவிட்டுச் சுழற்றுங்கள் என்று சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன், பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் சொல்லவைத்துவிட்டான்.

மேலே ரெசின். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையெல்லாம் ஃபைபர் படகு நிறைந்ததில் ஒரு நன்மை, ஒட்டுப்போடும் ரெசின் டப்பா உங்கள் வீட்டுத் திண்ணையிலும் ஒன்று இருக்கும். சுற்றி முடித்த கயிற்றின் மேல் மெல்லிசாக ஒரு பூச்சு பூசினால் அது இழைக்குள் இறங்கிக் கட்டிப்பட்டுவிடும், தண்ணீர் போகாது, சுற்று நகராது. அதிகம் பூசினால் கண்ணாடியாகி வழுக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: ரெசினில் முதலில் கோபால்ட் ஆக்சிலரேட்டரைக் கலக்கிவிட்டுப் பிறகுதான் ஹார்டனர் ஊற்ற வேண்டும். இரண்டையும் நேராக ஒன்றோடொன்று சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். படகு வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், கத்திக்காகப் புதிதாக டப்பாவைத் திறக்கிறவர்களுக்குத் தெரியாது.

ரெசின் பூசிவிட்டால் பிரித்துக் கயிறாக எடுக்க முடியாதே என்று அத்தான் போனில் கேட்டார். படகில் ஏறிப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார். எங்கள் படகில் காலை வைக்கிற இடமெல்லாம் கயிறு. ஆபத்து வந்தால் மூன்று மீட்டர் கயிற்றுக்காகக் கத்திப் பிடியைப் பிரிக்கிற அளவுக்கு ஒரு மீனவன் கயிறில்லாமல் கடலில் நிற்கிறான் என்றால், அவனுக்குக் கயிறு உதவாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபம் வந்தாலும் சரி. கடல் கத்திக்குப் பாராசூட் கயிறே தேவையில்லை. வலையில் வருகிற பச்சைப் பாலிஎத்திலீன் கயிறு தண்ணீரே குடிக்காது, நனைந்தாலும் காய்ந்தாலும் அதே நீளம். கொஞ்சம் வழுக்கும், அவ்வளவுதான். பாலியெஸ்டர் அதைவிட மேல்: வழுக்காது, தண்ணீரும் ஏறக்குறைய குடிக்காது, நீளாது. பாலியெஸ்டர் கிடைத்தால் வருத்தப்படாதீர்கள் என்று முன்னால் சொன்னதற்குக் காரணம் இதுதான். பாராசூட் கயிற்றின் பெருமை அதன் இழுவை. நைலான் இழுபடும், அதிர்ச்சியைத் தாங்கும், குதிக்கிறவன் இடுப்பு உடையாது. கத்திப் பிடி எங்கே குதிக்கப் போகிறது?

மீன் வெட்டுகிற கத்திக்கு எந்தக் கயிறும் சுற்றாதீர்கள். நைலான் மக்காது, ஆனால் அதன் இடுக்கில் புகுந்த செதிலும் குடலும் மக்கும். கழுவினாலும் போகாது. அதற்கு வழவழப்பான பிளாஸ்டிக் பிடியோ, கழுவித் துடைக்கிற மரப் பிடியோதான் நல்லது. கயிறு சுற்றுவது வலைக்கும் கயிற்றுக்கும் போகிற கத்திக்கு மட்டும். அந்தக் கத்தியையும் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள்.

நிறம்: கறுப்பு வேண்டவே வேண்டாம். ஈரமான பலகையில் கறுப்புப் பிடி கண்ணில் படாது, காலில் படும். ஆரஞ்சோ மஞ்சளோ வாங்குங்கள். கறுப்புக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பூவத்திலிருந்து வடக்கே நண்டலாறு பாலம் தாண்டினால் தமிழ்நாடு. நாம் பைக்கில் பையோடு போனாலே மது பாட்டில் இருக்கிறதா என்று போலீஸ்காரர்கள் பார்ப்பது வழக்கம், அது உங்களுக்கும் பழகிப்போயிருக்கும். ஒரு நாள் என் பையில் பாட்டில் இல்லை, அந்தக் கறுப்புப் பிடிக் கத்தி இருந்தது. மரப் பிடியோடு அதே கத்தி எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறது, யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. கறுப்புக் கயிறு சுற்றியதும் அது சினிமாக் கத்தி ஆகிவிட்டது. ஆயுதச் சட்ட விதிகள் உரிமம் கேட்பது ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுக்கு. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் ஆன கத்திகள் அதில் வராது. நம்முடையது ஒரு சாண்கூட இல்லை. ஆனாலும் வெயிலில் நின்றுகொண்டு இதையெல்லாம் விளக்கி, துறைமுகத்து அடையாள அட்டையைத் தேடி எடுப்பதைவிட ஆரஞ்சுக் கயிறு சுலபம்.

பிடியின் அடியில் துளை போட்டு மணிக்கட்டில் மாட்டக் கயிறு கட்டுகிறவர்கள், அதோடு வலை மிதவைத் துண்டு ஒன்றையும் சேர்த்துக் கட்டுங்கள். கத்தியைத் தாங்குமா என்று முதலில் வாளியில் போட்டுப் பாருங்கள். நைலான் மூழ்கும் என்று முன்பே சொன்னேன், இரும்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. விசைப்படகு இன்ஜின் ஓடும்போது மட்டும் மணிக்கட்டில் மாட்டாதீர்கள். சுழல்கிற எதிலாவது அது சிக்கினால் கத்தியோடு கையும் போகும்.

அத்தான் கொண்டுவந்த ரோலில் பாதிக்கு மேல் மீதி இருந்தது. கொல்லைப்புறத்தில் இரண்டு தென்னைக்கு நடுவே கட்டிவிட்டேன். துணி காயப்போட அதைவிட நல்ல கயிறு நான் பார்த்ததில்லை. நனைந்த போர்வை நான்கு போட்டாலும் கொஞ்சம் தொய்யும், வெயில் ஏறினால் தானாக இழுத்துக்கொள்ளும். வெயிலில் கிடந்தால் நைலான் நைந்துபோகும், எப்படியும் சில வருடத்தில் மாற்ற வேண்டிவரும். அடுத்த விடுமுறைக்கு அவர் இன்னொரு ரோல் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். நீலம் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று அக்காவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன், கொடிக்கு எந்த நிறமானாலும் சரிதான்.